பூட்டும் சுவடும்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்கும் விடியற்காலையில், ஆற்றுக்குள்ளும் கரையிலும் பாலத்து மேலும் உயரும் செல்போன்களுக்குக் கணக்கில்லை. அழகர் இந்த ஆண்டு என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே எட்டிப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களை ஆயிரம் பேர் ஆயிரம் கோணங்களில் பதிவுசெய்கிறார்கள். அவற்றில் நன்றாக வந்த நாலைந்து வீடியோக்கள் மதியத்துக்குள் எங்கும் பரவிவிடுகின்றன. பரவும் வழியில் எடுத்தவரின் பெயர் உதிர்ந்துபோய், வேறு யாரோ நடத்தும் பக்கத்தின் முத்திரை மேலே ஏறிவிடுகிறது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வீடியோக்களுக்கும் இதே கதிதான். மேலூர் பக்கம் வயல்வரப்பில் சமைத்துப் பதிவிடுபவரும், உசிலம்பட்டிப் பக்கம் கோயில் கொடையின் கரகாட்டத்தை எடுத்துப் போடுபவரும், பேத்தியின் காதுகுத்தை உறவினர்களுக்கு அனுப்பும் தாத்தாவும் கேட்கும் கேள்வி ஒன்று: நான் எடுத்த வீடியோவை இன்னொருவர் நகலெடுக்காமல் காக்க முடியுமா? நகலெடுப்பதைத் தடுக்க முடியாது என்பதுதான் நேரான பதில். ஆனால் அந்த வீடியோ யாருடையது என்பதை நிறுவும் வலிமையைக் காத்துக்கொள்ள முடியும். அதற்கு அறிவியலும் சட்டமும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே துணை நிற்கின்றன. பூட்டுப் போடுவதில் செலவாகும் உழைப்பைச் சுவடு பதிப்பதில் செலவிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம்.

முதலில், ஏன் தடுக்க முடியாது என்பதைப் பார்த்துவிடலாம். வீடியோ என்பது கடைசியில் ஒரு கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளி. சேமிப்பிலும் பயணத்திலும் அதை எவ்வளவு சிக்கலான மறையாக்கத்துக்குள் வைத்தாலும், பார்ப்பவரின் திரையில் அது சாதாரண வெளிச்சமாக அவிழ்ந்துதான் தீர வேண்டும். முழு எச்டி திரையில் ஒரு சட்டகத்துக்கு 1920-ஐ 1080-ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், நொடிக்கு 30 முறை ஒளிர்கின்றன. அந்த ஒளியைக் கண் வாங்குவதுபோலவே இன்னொரு செல்போனின் கேமராவும் வாங்கும். கேமராவை எடுக்கக்கூடத் தேவையில்லை. திரையில் ஓடுவதை அப்படியே பதிவுசெய்யும் வசதி இன்று செல்போனிலேயே இருக்கிறது. டவுன்லோடு பொத்தானை மறைப்பதும், வலது கிளிக்கைத் தடுப்பதும், செயலியில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை முடக்குவதும் சோம்பேறியைத் தாமதப்படுத்துமே தவிர, வேண்டுமென்றே வருபவரை நிறுத்தா. மறையாக்கத்தின் கணிதத்தில் இதனால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. செய்தி அனுப்புபவர், பெறுபவர், இடையில் ஒட்டுக்கேட்பவர் என்று மூவர் இருக்கும்போது, மூன்றாமவரை வெளியே நிறுத்துவதற்காக உருவான கலை அது. நகல் திருட்டில் பெறுபவரும் திருடுபவரும் ஒரே ஆள். சாவியை யாரிடம் கொடுக்கிறோமோ அவரிடமிருந்தே பொருளைப் பூட்டிவைக்க எந்தக் கணிதத்தாலும் இயலாது.

பெரும் பணம் படைத்த நிறுவனங்கள் நாற்பது ஆண்டுகளாக முயன்று பார்த்த கதையும் இதையே உறுதிசெய்கிறது. வீடியோ கேசட் காலத்தில், 1980-களின் நடுவில், மேக்ரோவிஷன் என்ற உத்தி வந்தது. கண்ணுக்குத் தெரியாத வரிகளில் துடிப்புகளைச் செருகி, பதிவுசெய்யும் கருவியின் தானியங்கி ஒளி அளவுக் கட்டுப்பாட்டைக் குழப்புவது அதன் வேலை. நகல் கேசட்டில் படம் மங்கியும் பளிச்சிட்டும் தடுமாறும். அந்தத் துடிப்புகளை நீக்கும் சிறு பெட்டிகள் சீக்கிரமே சந்தைக்கு வந்துவிட்டன. 1996-இல் டிவிடிக்கென ஒரு மறையாக்க முறை வந்தது; 1999-இல் அதை அவிழ்க்கும் நிரல் இணையத்தில் வெளியானது, அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் நார்வேயைச் சேர்ந்த பதின்வயதுச் சிறுவர். எச்டி திரைகளுக்கும் கருவிகளுக்கும் இடையிலான இணைப்பைப் பாதுகாத்த முறையின் தலைமைச் சாவி 2010-இல் பொதுவெளிக்கு வந்தது. மூன்று தலைமுறைப் பூட்டுகளும் மூன்று வெவ்வேறு வழிகளில் திறக்கப்பட்டன. ஆனால் மறையாக்கப் பூட்டுகள் இரண்டும் உடைந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: படத்தைக் காட்ட வேண்டிய ஒவ்வொரு கருவிக்குள்ளும் சாவியும் இருந்தாக வேண்டும், கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கும் சாவி நெடுநாள் ரகசியமாக இருக்காது.

பூட்டு உடைவதோடு நின்றால் பரவாயில்லை. அது அயலாரையும் அடைத்துவிடுகிறது. தமிழகமே கண்ட சான்று உண்டு. 2012 மார்ச் இறுதியில் வெளியான ‘3’ படத்தின் நகல்களைத் தடுக்கக் கோரி, அதன் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. அதைக் காரணம் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் பல வலைத்தளங்களை மொத்தமாகவே முடக்கின. முடங்கியவற்றில் விமியோவும் இருந்தது. சொந்தமாகக் குறும்படம் எடுப்பவர்கள் தங்கள் படைப்பை வைத்திருந்த இடம் அது. ஒரு படத்தைக் காக்கப்போய், தங்களுக்கென எடுத்த எத்தனையோ பேரின் வீடியோக்கள் பார்வையிலிருந்து மறைந்தன. ஜூன் மாதம் நீதிமன்றம் ஆணையைத் தெளிவுபடுத்தியது: திருட்டு நகல் இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே தடை, முழுத் தளத்துக்கு அல்ல. அந்தத் தெளிவுரைக்குள் ஒரு முக்கியமான கருத்து பொதிந்திருக்கிறது. எது நகல், எந்த முகவரியில் இருக்கிறது, யாருடையது என்று சுட்டிக்காட்ட முடிந்தால்தான் நியாயமான பாதுகாப்பே சாத்தியம். அடையாளம் காட்டுதல் முந்தி வர வேண்டும், தடுத்தல் அதன் பின்னால் வர வேண்டும்.

திரைத்துறை இந்தப் பாடத்தைத் தொழில்நுட்பத்திலும் கற்றது. டிஜிட்டல் திரையரங்குகளுக்காக ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2005-இல் வகுத்த தரவரையறை, படம் ஓடும் கணத்தில் அந்த அரங்கின் கருவியே கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டர்மார்க்கைப் படத்தில் பதிக்க வேண்டும் என்கிறது. அதன் அளவு வெறும் 35 பிட். 16 பிட் நேரத்துக்கு: ஆண்டின் எந்த நாளில் எந்தக் கால்மணி நேரத்தில் படம் ஓடியது என்பது அதில் அடங்கிவிடும். மீதி 19 பிட் இடத்துக்கு: ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அது போதும். ஒவ்வொரு ஐந்து நிமிடப் பகுதியிலும் இந்த 35 பிட்டும் வந்துவிட வேண்டும். யாரோ ஒருவர் செல்போனில் எடுத்த நகல் மறுநாள் இணையத்தில் கிடைத்தால், எந்த அரங்கில் எந்தக் காட்சியில் எடுக்கப்பட்டது என்று அந்த நகலே சாட்சி சொல்லும். 2024 ஜூலையில், ‘குருவாயூர் அம்பலநடையில்’ படத்தின் நகல் தொடர்பான புகாரை விசாரித்துவந்த கொச்சி சைபர் காவல்துறை, மதுரையைச் சேர்ந்த ஒருவரைத் திருவனந்தபுரம் திரையரங்கில் பிடித்தது. அப்போது அவர் ‘ராயன்’ படத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆளையும் அரங்கையும் நோக்கிக் குறுகிவரும் இத்தகைய விசாரணைகள், உலகத்தையே பூட்டிவைக்கப் பார்த்த பழைய முயற்சிகளைவிடப் பயன் தருகின்றன. கோடிகள் புரளும் துறையே பூட்டிலிருந்து சுவடுக்கு நகர்ந்திருக்கும்போது, கையில் ஒரு செல்போன் மட்டும் வைத்திருப்பவர் பூட்டைத் தேடி அலைவது வீண்.

அந்தச் செல்போன்காரரிடம் என்ன சுவடு இருக்கிறது? நிறையவே இருக்கிறது, அவருக்குத் தெரியாமலேயே இருக்கிறது. மேலே சொன்ன முழு எச்டி வீடியோவைச் சுருக்காமல் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 மெகாபைட் வேண்டும். செல்போனோ அதை 60 முதல் 130 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. கண்ணுக்கு உறைக்காத நுண்விவரங்களைக் களைந்துதான் இந்தச் சுருக்கம் நடக்கிறது. அதை யூடியூபில் ஏற்றினால் இன்னொரு சுருக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் கடுமையான சுருக்கம். அதைத் திரைப்பதிவு செய்து வேறொரு பக்கத்தில் போட்டால் மேலும் ஒன்று. ஒவ்வொரு படியிலும் தகவல் குறையுமே தவிரக் கூடாது. தகவல் கோட்பாட்டில் நிறுவப்பட்ட உண்மை இது: ஒரு தரவை எப்படிப் பதப்படுத்தினாலும், மூலத்தைப் பற்றி அதில் முன்பு இல்லாத செய்தி புதிதாக உண்டாகாது. ஆக, மூலத்துக்கும் நகலுக்கும் இடையில் ஒரு நிரந்தர ஏற்றத்தாழ்வு உண்டு. அது எடுத்தவருக்குச் சாதகமானது. நகலெடுத்தவர் கையில் இருப்பது வெளியிடப்பட்ட நாற்பது நொடி. எடுத்தவர் கையில் இருப்பது அதற்கு முன்னும் பின்னும் ஓடிய பத்து நிமிடம், சரியாக வராமல் ஒதுக்கிய துண்டுகள், எடுத்த நேரமும் செல்போன் மாடலும் சில வேளைகளில் இடமும் பொதிந்த கோப்பு. இவற்றை நகலெடுத்தவர் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. எனவே பாதுகாப்பின் முதல் விதி பகிர்வதைப் பற்றியதே அல்ல. எடிட் செய்யாத மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இடமில்லை என்று வீடியோவை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பவர், தன் உரிமைக்கான முதல் சான்றைத் தானே அழிக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும்.

இதைவிட ஆழமான சுவடு கேமராவின் சென்சாரிலேயே இருக்கிறது. ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கன் தகட்டின் லட்சக்கணக்கான நுண்கட்டங்கள் ஒன்றுபோல் வார்க்கப்படுவதில்லை. ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைவிட இம்மியளவு கூடுதலாகவோ குறைவாகவோ ஒளிக்கு எதிர்வினை காட்டும். இந்த ஏற்றஇறக்கம் அந்தச் சென்சார் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் மெல்லிய இரைச்சலாகப் பதிகிறது; ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த ஒரே மாடல் செல்போன்கள் இரண்டுக்கும்கூட இது வேறுவேறு. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃப்ரிட்ரிச்சின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரைச்சலைக் கொண்டு ஒரு படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று கண்டறியலாம் எனக் காட்டியது. பல சட்டகங்களைச் சராசரி எடுத்தால் தற்செயலான இரைச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, சென்சாருக்கே உரிய வடிவம் மட்டும் எஞ்சும். வீடியோவில் சட்டகங்களுக்குப் பஞ்சமில்லை என்பது இதற்கு அனுகூலம்; கடும் சுருக்கமும் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியும் இந்த வடிவத்தைக் கலைத்துவிடக்கூடும் என்பது பாதகம். அழகர் இறங்கும் நேரத்தில் அருகருகே நின்று எடுத்த இருவரில் யாருடைய வீடியோ பரவியது என்று தகராறு வந்தால், அதைத் தீர்த்துவைக்க இந்த அறிவியல் உதவும். நிகழ்ச்சி எல்லோருக்கும் பொது. பக்கத்தில் நின்று அதையே தன் செல்போனில் எடுத்தவர் எதையும் திருடவில்லை. அவருடைய வீடியோவில் சென்சார் சுவடு வேறாக இருக்கும். கை நடுங்கும் விதம் வேறாக இருக்கும். ஓரடி தள்ளி நின்றால்கூட, முன்னால் ஒரு பக்தர் பீச்சும் நீர்த்தாரை பின்னால் தெரியும் குதிரையின் கழுத்தை மறைக்கும் கணம் மாறும். உண்மையாகத் தானே எடுத்தவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும், நகலெடுத்தவரைக் காட்டிக்கொடுக்கவும் ஒரே சோதனை பயன்படுகிறது.

நகலெடுப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. தானியங்கிக் கண்காணிப்பிலிருந்து தப்ப, வீடியோவை இடவலமாகத் திருப்புவார்கள், ஓரங்களை வெட்டுவார்கள், வேகத்தைச் சற்றுக் கூட்டுவார்கள், சுற்றிலும் பார்டர் போடுவார்கள். அலங்காநல்லூர் வாடிவாசல் வீடியோ ஒன்றை இப்படித் திருப்பியிருந்தால் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: மாடுபிடி வீரர்களின் பனியனில் உள்ள எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகப் புரண்டிருக்கும், கேலரியில் கட்டிய பேனரின் எழுத்துகள் பின்னிருந்து படிக்க வேண்டியவையாக இருக்கும், காளை பாயும் திசை மாறியிருக்கும். கணினி இதையே வேறு வழியில் செய்கிறது. ஒவ்வொரு சட்டகத்தையும் மிகச் சிறிதாகச் சுருக்கி, நிறத்தை நீக்கி, எங்கே வெளிச்சம் எங்கே இருள் என்ற பெரும்போக்கை மட்டும் சில பத்து பிட்டுகளில் எழுதிக்கொள்கிறது. தரம் குறைந்தாலும் முத்திரை ஏறினாலும் இந்தப் பெரும்போக்கு அதிகம் மாறாது. மூலத்தின் குறிப்புக்கும் நகலின் குறிப்புக்கும் இடையில் எத்தனை பிட் வேறுபடுகிறது என்று எண்ணினால் போதும். யூடியூப் 2007-இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி இந்த வகை ஒப்பீட்டின் பெரும் வடிவம். அத்தளத்தில் நடக்கும் பதிப்புரிமை நடவடிக்கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் இதன் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் அது இசை நிறுவனங்கள், படத் தயாரிப்பாளர்கள் போன்ற பெரிய உரிமையாளர்களுக்கே திறந்திருக்கிறது. சிறு சேனல்காரர்களுக்குக் கிடைப்பது காப்பிரைட் மேட்ச் டூல் என்ற எளிய கருவி. முழு வீடியோவையோ அதன் பெரும்பகுதியையோ மறுபதிவேற்றம் செய்தால் அது காட்டிக்கொடுக்கும். சிறு துண்டுகளைத் தவறவிட வாய்ப்புண்டு. முதலில் ஏற்றிய வீடியோவை அடிப்படையாக வைத்தே அது தேடுகிறது என்பதால், தன் வீடியோவைத் தானே முந்தி ஏற்றிவிடுவது வெறும் புகழுக்கான போட்டியாகாமல் சான்றாகவும் ஆகிறது.

திரையின் மூலையில் சேனல் பெயரைப் பொறிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். அது பயனற்றதல்ல, ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூலையிலுள்ள முத்திரையை ஓரம் வெட்டி நீக்கிவிடலாம். நடுவில் பெரிதாகப் போட்டால் பார்ப்பவரும் முகம் சுளிப்பார், வெட்ட முடியாவிட்டாலும் அழிக்க முடியும். கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே முத்திரை ஒரே மாதிரி பதிந்திருந்தால் கணினியே அந்த முத்திரையின் வடிவத்தைக் கணித்து, படத்திலிருந்து சுத்தமாகக் கழித்துவிடும் என்று காட்டியது. அதற்கான மருந்தையும் அவர்களே சொன்னார்கள்: ஒவ்வொரு படத்திலும் முத்திரையைச் சிறிதளவு வளைத்து வேறுபடுத்தினால் அந்தக் கணிப்பு தடுமாறும். ஆகவே முத்திரை இடுபவர் ஒவ்வொரு வீடியோவிலும் இடத்தையும் வடிவத்தையும் சற்று மாற்ற வேண்டும். அதைவிட வலுவானது, காட்சிக்குள்ளேயே அடையாளத்தை வைப்பது. சமையல் வீடியோவில் எடுப்பவரின் குரல், அடுப்பங்கரைச் சுவரில் எழுதிய பெயர், சொல்லப்படும் தேதி, ஊர்ப் பெயர் ஆகியவற்றை வெட்டி எடுக்க வேண்டுமானால் வீடியோவையே சிதைக்க வேண்டும்.

எடுத்தது யார் என்பதோடு, எப்போது எடுத்தது என்பதையும் நிறுவ வேண்டும். கோப்பில் இருக்கும் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற ஆட்சேபம் சரியானது. கோப்பின் சொந்தத் தேதியை மட்டும் நம்பி நிற்க முடியாது. இங்கே ஹாஷ் எனும் கணிதம் உதவுகிறது. ஷா-256 என்ற முறை, எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதை 64 எழுத்து-எண்கள் கொண்ட ஒரு குறியாக மாற்றும். கோப்பில் ஒரேயொரு புள்ளியின் நிறம் மாறினால்கூடக் குறி அடியோடு மாறிவிடும். குறியிலிருந்து கோப்பை மீட்க முடியாது. ஒரே குறி தரும் வேறொரு கோப்பை உருவாக்கும் வழி இதுவரை யாருக்கும் கைகூடவில்லை. மூலக் கோப்பின் இந்தக் குறியைக் கணக்கிட்டு, வெளியிடும் முன்பே ஒரு மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிவைத்தால், அந்த நாளில் அந்தக் கோப்பு அவரிடம் இருந்தது என்பதற்கு மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வர் சாட்சியாகிறது. வீடியோவை யாரிடமும் காட்டத் தேவையில்லை. இது ஏட்டளவு யோசனையும் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவத்திலேயே, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் குறிப்பிடும் இடம் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் பலருக்கு இருக்கும் தயக்கம், பதிவு செய்யாத வீடியோவுக்கு உரிமை உண்டா என்பது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வீடியோ உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. வீடியோ படத்துக்கான பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். அது உரிமையை உண்டாக்குவதில்லை, வழக்கில் முதல்நிலைச் சான்றாக மட்டுமே உதவும். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவை வீடியோ எடுக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்: படைப்பின் உரிமையாளர் யார் என்று காட்டும் தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதே குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. பெயரை வெட்டிவிட்டுப் பரப்பும் பழக்கத்தின் நேர் எதிரில் நிற்கும் பிரிவு இது. இன்னொரு பிரிவு மதுரையின் கல்யாண மண்டபங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தி எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அமர்த்தியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆவது பிரிவு. திருமண வீடியோவை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்காகப் பதிவேற்ற வேண்டுமானால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். ஒப்பந்தத் தாளில் மாற்றாக ஒரு வரி இருந்தால் நிலைமை தலைகீழாகும் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளைப் படிப்பது நல்லது. அதேபோல வீடியோவின் பின்னணியில் திரைப்பாடலைச் சேர்த்தவர், தன் வீடியோவுக்குள் இன்னொருவரின் உரிமையை அழைத்து வந்துவிடுகிறார். பிறகு நகலெடுத்தவர்மீது புகார் கொடுக்கும்போது அவருடைய கையே தயங்கும்.

ஏழைக்கும் எளியவருக்கும் கோர்ட்டும் கேஸும் எட்டுமா என்பது இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. பெரும்பாலான சச்சரவுகள் நீதிமன்றம்வரை போகத் தேவையில்லை என்பதே அதற்கு முதல் பதில். தளத்துக்குப் புகார் அனுப்பச் செலவில்லை. 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதி, உரிமையாளரின் முறையான எழுத்துப் புகார் சரியென்று கண்டால், அது கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்த நகலுக்கான அணுகலைத் தளம் நிறுத்த வேண்டும் என்கிறது. 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறக்கலாம். யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடக்கூடும் என்பதால், திருடிப் பிழைக்கும் சேனல்கள் புகாருக்கு அஞ்சுகின்றன. இவை அனைத்திலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது புகாரோடு வைக்கப்படும் சான்று. அந்தச் சான்றைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் சேகரித்துவந்தோம். மீறிப் போனால், பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு வழக்குத் தொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. மும்பையிலோ டெல்லியிலோ இருப்பவர் நகலெடுத்தாலும் மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்காடலாம். வேண்டுமென்றே செய்யப்பட்ட மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. அது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பரவினால் நல்லதுதானே, பத்துப் பேர் பார்த்தால்தானே பெயர் கிடைக்கும் என்பது இரண்டாவது ஆட்சேபம். பரவுவது நல்லதே. எடுத்தவரின் பக்கத்திலிருந்து இணைப்பைப் பகிர்ந்தால் ஒவ்வொரு பார்வையும் அவர் கணக்கில் சேர்கிறது, பாராட்டும் வருமானமும் அவருக்குப் போகின்றன. இறக்கி மறுபதிவேற்றம் செய்தால் இரண்டும் அறுந்துபோகின்றன. வீடியோவின் பயணம் ஒன்றுதான் என்றாலும் பயன் யாருக்கு என்பது மாறிவிடுகிறது. சுவடு பதிந்த வீடியோ எவ்வளவு தூரம் போனாலும் அதன் உரிமையாளரைத் தன்னோடு கூட்டிப் போகும் என்பதால், பரவலை விரும்புபவருக்குத்தான் சுவடு இன்னும் அவசியம். மூன்றாவது ஆட்சேபம் புதியது: செயற்கை நுண்ணறிவு இன்று இல்லாத காட்சியையே உருவாக்கும்போது, நகலெடுத்தவர் போலியாக ஒரு ‘மூலத்தை’ உருவாக்க மாட்டாரா? முயலலாம். ஒருவர் வெளியிட்ட படங்களிலிருந்தே அவருடைய சென்சார் சுவடைக் கணித்து வேறொரு படத்தில் பதிக்க முடியும் என்பதும் ஆய்வில் காட்டப்பட்ட ஒன்றுதான். எந்தத் தனிச் சுவடும் பொய்யாக்க முடியாததல்ல. ஆனால் சென்சாரின் இரைச்சல், வெளியிடாத துண்டுகள், முன்கூட்டியே பதிந்த ஹாஷ், முதல் பதிவேற்றத்தின் நேரம், பக்கத்தில் நின்றவர்களின் வேறு கோண வீடியோக்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று முரண்படாமல் பொய்யாக்குவது முற்றிலும் வேறு சவால். கடந்துபோன தேதியில் பதிந்த ஹாஷை இன்று உருவாக்க எந்தச் செயற்கை நுண்ணறிவாலும் முடியாது.

வெளியே போகவே கூடாத வீடியோக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குப் பூட்டுதான் மருந்து. குழந்தைகளின், குடும்பத்தின், அந்தரங்கத்தின் பதிவுகளைப் பார்க்க வேண்டியவர் நாம் நம்பும் ஓரிருவர் மட்டுமே. அந்நியர் அனைவரும் மூன்றாமவர். மறையாக்கம் உருவானதே இந்தச் சூழ்நிலைக்கு. செல்போனுக்கு வலுவான கடவெண், பழுது பார்க்கக் கொடுக்கும்முன் கோப்புகளை வேறிடம் மாற்றுதல், ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பை விலக்கிக் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் பகிர்தல் ஆகியவை இங்கே உண்மையான காவல். அதையும் மீறி ஓர் அந்தரங்க வீடியோ கசிந்தால், அவமானத்தில் ஒடுங்க வேண்டியவர் பறிகொடுத்தவரல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு சம்மதமின்றி அந்தரங்கத்தைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 2021-இல் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை, வீடியோவை யாரிடமும் ஒப்படைக்காமல், செல்போனிலேயே அதன் ஹாஷைக் கணக்கிட்டு அதை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்பி, பொருந்தும் நகல்களைத் தேடி நீக்க வழிசெய்கிறது. பூட்டு தோற்ற இடத்திலும் சுவடே மீண்டும் கைகொடுக்கிறது.

எனவே, ஒருவர் தன் வீடியோவுக்காகச் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் வெளியிடும் முன்பே செய்ய வேண்டியது. மூலத்தைக் காத்து, குறியைப் பதிந்து, காட்சிக்குள் பெயரை நெய்து, தானே முதலில் வெளியிட வேண்டும். மற்றொரு பாதி அவர் கையில் இல்லை. கோப்பிலுள்ள உரிமைத் தகவலை அழிக்காமல் கடத்தும் பொறுப்பும், பெரிய நிறுவனங்களுக்குத் தரும் ஒப்பீட்டுக் கருவியைக் கிராமத்துச் சேனல்காரருக்கும் திறந்துவிடும் பொறுப்பும், தமிழில் எழுதிய புகாரையும் அதே வேகத்தில் பரிசீலிக்கும் பொறுப்பும் தளங்களுடையவை. அவற்றைச் செய்யத் தேவையான கணிதம் கைவசம் இருக்கிறது, கணினிகள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. ஒரு வீடியோவை எடுத்தவர் யார் என்று சொல்ல முடியாத நிலை இயற்கையின் விதியல்ல, சரிசெய்யக்கூடிய அலட்சியம். ஆயிரம் ரூபாய் வருமானத்துக்காக வெயிலில் நின்று எடுப்பவரின் உழைப்பும், பல கோடி முதலீட்டில் எடுக்கப்பட்ட படத்தின் உழைப்பும் சட்டத்தின் முன் ஒரே உரிமையைப் பெற்றிருக்கின்றன. நடைமுறையிலும் அவை ஒரே மதிப்பைப் பெறும்வரை இந்தக் கோரிக்கையை விடாமல் வைக்க வேண்டும்.